நோயாளியின் வீட்டுக்கு ஜெபிக்கச் செல்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குருவானவர்களுக்கும், சபை ஊழியர்களுக்கும், வீடு வீடாகச் சென்று ஜெபிக்கும் ஜெபக்குழுச் சகோதர சகோதரிகளுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞானஸ்நானம் பெற்றதும், திடப்படுத்தல் பெற்றதும், மணமுடித்ததும் எங்கள் ஊர்த் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தில்தான். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துபோயின. 2018 நவம்பரில் டயாலிசிஸ் தொடங்கியவர், நான்கு ஆண்டுகள் நிறைவடைய இரண்டு மாதம் இருக்கும்போது, 2022 செப்டம்பரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்களைக் கணக்கிட முடியாது. சிலர் ஜெபித்துவிட்டுப் போன பிறகு நாங்கள் ஒரு வாரத்துக்குத் தெம்பாக இருந்திருக்கிறோம். வேறு சிலர் ஜெபித்துவிட்டுப் போன பிறகு, நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிக்கொண்டு இருட்டும்வரை விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறோம். இந்த வாரமும் உங்களில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு நோயாளியின் வீட்டுப் படியேறப்போகிறீர்கள் என்பதால், அந்த வேறுபாடு எங்கே இருந்தது என்று நான் கண்டதை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். டயாலிசிஸ் என்றால் மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது என்ற அளவில் எல்லாருக்கும் தெரியும். அதோடு வாழ்வது எப்படி என்பது பலருக்குத் தெரியாது. கையில் ஓர் இரத்தக் குழாயையும் இன்னொன்றையும் அறுவை செய்து இணைத்துவிடுவார்கள். அதைப் பிஸ்டுலா என்பார்கள். ஒவ்வொரு முறையும் அதில் இரண்டு பெரிய ஊசிகளைக் குத்தி, நான்கு மணி நேரம் படுக்க வைப்பார்கள். என் கணவருக்குச் செவ்வாயும் வெள்ளியும் முறை. சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டதால், குடிப்பதெல்லாம் அடுத்த முறைவரை உடம்பிலேயே தங்கும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த முக்கால் லிட்டரில் காப்பி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டு, எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவார். சித்திரை மாதத்து வெயிலில் மாலை நான்கு மணிக்கே பாட்டில் காலியாகிவிடும். அதன் பிறகு ஒரு சின்ன ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு இரவைத் தள்ளுவார். இராப்போஜன ஞாயிறுகளில் பாத்திரத்தில் கிடைக்கும் அந்த ஒரு மிடற்றுக்காகக் காலைக் காப்பியில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுத்தான் ஆலயத்துக்குப் புறப்படுவார்.

நீங்கள் அன்போடு வாங்கி வந்த இளநீரும் வாழைப்பழமும் சாத்துக்குடியும் எங்கள் வீட்டுத் திண்ணையில் குவிந்த நாட்கள் உண்டு. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அவை ஆகாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். நாங்கள் காய்கறியைக்கூட வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சமைத்தோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒருவருக்காக ஜெபிப்பதற்கு முன்னால் அவருக்கு என்ன செய்கிறது, எதைச் சாப்பிடலாம், எப்போது வந்தால் களைப்பாக இருக்க மாட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே ஜெபத்தின் முதல் வரி என்று எனக்குத் தோன்றுகிறது. டயாலிசிஸ் முடிந்து வந்த மாலையில் அவரால் தலையைத் தூக்கக்கூட முடியாது. அந்த மாலைகளில்தான் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேராக வந்து ஒரு மணி நேரம் பாடி ஜெபிப்பார்கள்.

பிஸ்டுலா ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று செவிலியர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும். தூங்கும் பூனையின் வயிற்றில் கை வைத்தது போல இருக்கும். அதிர்வு நின்றுபோனால் குழாய் அடைத்துக்கொண்டது என்று பொருள். படுக்கும் நேரத்தில் நான் அவருடைய இடக்கையைப் பிடித்துப் பார்ப்பேன். அப்படிப் பிடித்தபடியே இருவரும் ஜெபிப்போம். இது நாங்கள் திட்டமிட்டுச் செய்ததன்று. கையைப் பிடித்த பிறகு சும்மா விடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தொடக்கத்தில் அவர் நீளமாக ஜெபிப்பார். சுகம் தாரும், அற்புதம் செய்யும், மகன் கல்யாணத்தைக் காணச் செய்யும் என்றெல்லாம் கேட்பார். இரண்டாம் ஆண்டு முதல் ஜெபம் சுருங்கியது. “ஆண்டவரே, இன்னிக்கு ஒரு நாள் ஆச்சு, நாளைக்கும் நீரே பாத்துக்கொள்ளும்” என்பதோடு முடித்துவிடுவார். அந்தச் சின்ன ஜெபத்தில் இருந்த நிம்மதியை நான் எந்தப் பெரிய கூட்டத்திலும் பெற்றதில்லை.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்கிறேன். யாரையும் அடையாளம் காட்டுவது என் நோக்கமன்று. சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. முதல் ஆண்டில் வெளியூரிலிருந்து ஊழியர் ஒருவரை உறவினர்கள் அழைத்து வந்தார்கள். அவர் என் கணவரின் தலையில் கைவைத்து வெகுநேரம் ஜெபித்தார். பிறகு, வீட்டில் அறிக்கை செய்யப்படாத பாவம் ஏதோ மறைந்திருக்கிறது என்றார். அடுத்ததாக, மிஷினை நம்புகிறவரை தேவனுடைய கை எப்படி இறங்கும், ஒரு வாரம் அங்கே போகாமல் விசுவாசத்தில் நின்று பாருங்கள் என்றார். என் கணவர் படித்தவர்தாம். ஆனாலும் நோய்ப்படுக்கையில் கிடப்பவனுக்கு நம்பிக்கை தருகிற எந்தக் கயிறும் பெரிதாகத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் போக மறுத்துவிட்டார். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையிலுள்ள நான்கு நாளே எங்களுக்கு நீண்டது. திங்கள் இரவுகளில் மூச்சு கனக்கும். ஆறாம் நாள் வியாழன் இரவு அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, தண்ணீருக்குள் மூழ்குகிறவர் மேலே எட்டிப் பார்ப்பது போல மூச்சுக்குத் தவித்தார். நள்ளிரவுக்கு மேல் பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவை எடுத்து வந்தான். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

பிழைத்து வந்தார். ஆனால் அதற்குப் பிறகு பல மாதம், தன் விசுவாசம் போதவில்லை என்ற எண்ணம் அவரைவிட்டுப் போகவில்லை. நோயாளிக்கு நோய் ஒரு சுமை. என் அவிசுவாசத்தால்தான் எனக்குச் சுகம் வரவில்லை என்ற குற்ற உணர்வு அதன்மேல் ஏற்றப்பட்ட இன்னொரு சுமை. முதல் சுமையை வாரத்துக்கு இரண்டு முறை மிஷின் கொஞ்சம் இறக்கியது. இரண்டாவதை இறக்க எங்களுக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

உங்களுக்கு வேதத்தை எடுத்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஞாயிறு பள்ளியில் முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் சிலவற்றை நினைவூட்டுகிறேன். பிறவிக் குருடனைக் கண்டதும் சீஷர்கள், இது யார் செய்த பாவம் என்றுதான் கேட்டார்கள். அவன் செய்த பாவமுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டவரும் அவரே. பவுல் அப்போஸ்தலன் தம் உடலிலிருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது, முள் போகவில்லை. அவருடைய விசுவாசத்தில் குறை கண்டவர் நம்மில் யார்? அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவிட்டு வந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று ஒரு மருத்துவரைப் போலவும் எழுதுகிறார். அவரோடு கடைசிவரை இருந்த லூக்கா வைத்தியர். எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா தீர்க்கதரிசி தேவ வார்த்தையையும் சொன்னார், பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையையும் வைக்கச் சொன்னார்.

மருந்தும் ஜெபமும் ஒரே வீட்டில் குடியிருந்ததுதான் நம் திருச்சபையின் வரலாறு. ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையில்தான், 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஜெபத்தில் பிறந்த ஓர் இடத்திலிருந்து சிறுநீரக நோயாளிகளுக்கு இப்படியொரு வழி திறந்திருக்க, அதே ஜெபத்தின் பெயரால் ஒரு நோயாளியை மிஷினைவிட்டு எழுப்பிவிடுவது எப்படி நியாயமாகும்? யாருடைய சிகிச்சையையும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களில் எவருக்கும் கிடையாது என்பதை உங்கள் ஜெபக்குழுக்களில் ஒரு முறையாவது வாய்திறந்து சொல்லுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கணவரைத் தூக்கி நிறுத்தியது 2020-ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி. ஏப்ரல் 10. ஊரடங்கு தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. டயாலிசிஸுக்கு மட்டும் ஊரடங்கு கிடையாதே. நோயாளி அட்டையைக் காவலர்களிடம் காட்டிக் காட்டி ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். உடன் வந்தவர்களை உள்ளே விடவில்லை. நான் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழுவில் நாற்பது ஆண்டு பேஸ் பாடியவர் அவர். மும்மணி ஆராதனையைத் தவறவிட்டதே இல்லை. அன்றைக்கு அவருக்குப் பதினொரு மணிக்கு ஊசி குத்தினார்கள். ஊசி இல்லாத கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, பன்னிரண்டு மணி முதல் மூன்று மணிவரை யூடியூபில் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் கேட்டிருக்கிறார்.

வெளியே வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. ஆட்டோவில் ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை. பாதி வழியில், “ஏளா, ஐந்தாம் வார்த்தையைக் கேட்டியா?” என்றார். தாகமாயிருக்கிறேன் என்பது ஐந்தாம் வார்த்தை. “அறுபது வருசமா கேக்கேன். இன்னிக்குத்தான் எனக்குக் கேட்டிருக்கு. ஆண்டவருக்கும் நாக்கு இப்படித்தான் ஒட்டியிருக்கும், பாத்தியா” என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். முன்னிருக்கையிலிருந்த பக்கத்து வீட்டுத் தம்பி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கிக் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

அன்றிரவு முக்கால் லிட்டர் ஒரு லிட்டராகவில்லை. தாகமும் குறையவில்லை. ஆனால் மாலை நான்கு மணிக்குப் பாட்டில் காலியாகும்போது அவர் தனியாக இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று தேவகுமாரனே கதறியிருக்கும்போது, நான் கதறினால் மட்டும் அது எப்படி அவிசுவாசமாகும் என்று கேட்கத் தொடங்கினார். பாவம், அவிசுவாசம் என்று அவர் மேல் ஏற்றியிருந்த அந்தச் சுமை அன்றைக்குத்தான் இறங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் ஜெபத்துக்கு ஒரு துணை கிடைத்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியம்மா, ஊரடங்கு தளர்ந்ததும் வியாழக்கிழமை மாலைதோறும் வருவார்கள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள், ஜெபக்கூட்டங்களில் யாரும் அவர்களை ஜெபிக்கக் கூப்பிட்டதில்லை. வந்ததும் என்னிடமிருந்து முறத்தை வாங்கிக்கொண்டு, உள்ளியோ கீரையோ எது இருந்தாலும் ஆய்ந்து கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு ஒரு சங்கீதம் வாசிப்பார்கள். வேறொன்றும் சொல்ல மாட்டார்கள். முதல் சங்கீதத்திலிருந்து வரிசையாகப் போனதால், வழக்கமாக யாரும் நோயாளியின் வீட்டில் வாசிக்காத சங்கீதங்களையெல்லாம் நாங்கள் கேட்டோம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்குகிற 13-ஆம் சங்கீதம் வந்த நாளில் என் கணவர் அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். 88-ஆம் சங்கீதம் வந்தபோது பெரியம்மா முடிவில் நிறுத்தி, இதில் கடைசிவரை வெளிச்சமே வரவில்லையே, ஐயா என்றார்கள். ஆமாம், ஆனாலும் வேதத்துக்குள்தானே இருக்கிறது என்றார் அவர்.

நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள் என்று வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் ஆராதனைகளில் அவற்றுக்கு எவ்வளவு இடம் தருகிறோம்? 23-ஐயும் 91-ஐயும் 121-ஐயும் மனப்பாடமாகச் சொல்லும் நம் பிள்ளைகளுக்கு, தேவனிடம் முறையிட்டு அழலாம், கேள்வி கேட்கலாம் என்று கற்றுக்கொடுக்கிறோமா? சோர்ந்துபோனவர்களின் வீட்டில் வெற்றியின் பாட்டை மட்டும் பாடினால், அவர்கள் உதட்டை அசைத்துவிட்டு உள்ளே ஊமையாகிவிடுகிறார்கள். நான் அப்படி ஊமையாக இருந்தவள். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தவரை அவர்களைப்போல் நல்ல சிநேகிதர் இல்லை. அவர்கள் காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. யோபு பேசியது நிதானமாயிருந்தது, நீங்கள் பேசியது அப்படி இல்லை என்று இறுதியில் கர்த்தர் கடிந்துகொண்டதும் அந்த மூவரைத்தான்.

நம் மாவட்டத்து டோனாவூரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நாம் ஆண்டுதோறும் பிரசங்கங்களில் புகழ்கிறோம். அவர் 1931-இல் களக்காட்டில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்ட பிறகு, 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டு பெரும்பாலும் தம் அறையிலேயே நோயாளியாகக் கிடந்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அவருக்காக ஜெபித்தவர்கள் குறைவா? அவருடைய விசுவாசம் குறைவா? நோயாளிகளுக்கென்று சுகமுள்ளவர்கள் எழுதிய கைப்பிரதிகள் தம் மனத்தைத் தொடவில்லை என்று உணர்ந்த அவர், நோயாளியிடமிருந்து நோயாளிக்கு என்றே படுக்கையிலிருந்து எழுதினார். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அவரை அடக்கம் செய்த இடத்தில் பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றைப் பிள்ளைகள் வைத்தார்கள். அதில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்திருக்கிறது. நான் என் கணவருக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்டது அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றித்தான்.

சபை நடைமுறையில் இரண்டொன்றை மாற்றிக்கொள்ளும்படியும் கேட்கிறேன். எங்கள் பெயர் முதல் மூன்று மாதம் ஞாயிறுதோறும் ஜெபக்குறிப்பில் வாசிக்கப்பட்டது. பிறகு புதிய நோயாளிகள் வந்தார்கள். எங்கள் பெயர் விட்டுப்போயிற்று. யாரும் வேண்டுமென்று செய்ததன்று. விபத்தில் சிக்கியவரையும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவரையும் நினைவு வைத்துக்கொள்வது எளிது. அவர்களுக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கிடப்பவருடைய நோயில் புதிதாகச் சொல்ல ஒன்றுமிருக்காது. எங்கள் பெயர் வாசிக்கப்படாமல் போன முதல் ஞாயிறு என் கணவர் அதைக் கவனித்தார்; வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வந்தார். நீண்டகால நோயாளிகளுக்கென்று தனிப்பட்டியல் ஒன்றை வைத்து, ஆண்டு முழுவதும் அந்தப் பெயர்களை வாசியுங்கள்.

அதுபோலவே சாட்சி நேரம். சுகமானவர்கள் எழுந்து சொல்லும்போது நானும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன்; அவர்கள் சந்தோஷத்தில் எனக்குப் பொறாமையில்லை. தேவன் சுகமாக்குகிறார் என்பதையும், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபு எழுதியதையும் நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் சுகமாகாமலும் விசுவாசத்தைக் காத்துக்கொண்டவர்கள் நம் சபைகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் சாட்சி சொல்ல அழைப்பதில்லை. என் கணவர் இருந்தவரை ஒருவரும் அவரை அழைக்கவில்லை. அவர் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பார். அந்தப் பெரிய வெள்ளியைத்தான் சொல்லியிருப்பார்.

2022 புத்தாண்டு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், “நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்” என்ற 118-ஆம் சங்கீத வசனம் வந்தது. ஆலயமே மகிழ்ந்தது, பலர் எங்கள் கையைப் பிடித்து, இனிக் கவலை இல்லை என்றார்கள். ஒன்பதாம் மாதம் அவர் போய்விட்டார். அட்டை இன்னும் அவருடைய வேதாகமத்தில் இருக்கிறது. அடக்க ஆராதனைக்கு வந்தவர்களில் ஒருவரும் அந்த அட்டையைப் பற்றி என்னிடம் பேசவில்லை. பேசியிருக்கலாம். அந்த வசனத்தை இனி நான் எப்படி வாசிப்பது என்று என்னோடு உட்கார்ந்து தேடியிருக்கலாம். வாக்குத்தத்தம் கொடுக்கிற உங்களுக்கு, அது நாம் எதிர்பார்த்த விதமாக நிறைவேறாத வீட்டுக்குத் திரும்பி வரும் கடமையும் இருக்கிறது என்று பணிவோடு சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டுதான் வரவேண்டும் என்பதில்லை. லாசருவின் கல்லறைக்கு ஆண்டவர், தாம் என்ன செய்யப்போகிறார் என்பது தெரிந்தே போனார். போனவர் முதலில் கண்ணீர்தான் விட்டார்.

என் கணவர் போன பிறகு எனக்குச் சில மாதம் ஜெபமே வரவில்லை. முழங்காலில் நின்றால் வார்த்தை கிடைக்காது. இரவில் படுத்ததும் என் கை பழக்கத்தில் அவருடைய கையைத் தேடிப் போகும். வெறும் பாயைத் தொட்டதும் விழிப்பு வந்துவிடும். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்ற வசனத்தை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அதன் பொருள் அந்த மாதங்களில்தான் எனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமைப் பெரியம்மா அப்போதும் வந்தார்கள். முறத்தை வாங்கிக்கொண்டார்கள். நின்ற இடத்திலிருந்து சங்கீதத்தைத் தொடர்ந்தார்கள். நான் ஆமென் என்று மட்டும் சொன்னேன். ஒரு மாலை அதையும் சொல்ல முடியவில்லை. எனக்கும் சேர்த்து அவர்களே இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதை எழுதும்போது பக்கத்து வீட்டுத் தம்பியை விட்டுவிட்டால் அநியாயம். ஏறத்தாழ நானூறு முறை எங்களை ஆட்டோவில் ஏற்றி இறக்கியவன் அவன். டயாலிசிஸ் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது; வண்டிக்கூலிதான் எங்களை அரித்துவிடும் என்று பயந்தோம். அவன் பெட்ரோலுக்கு மேல் வாங்கியதில்லை. அவன் ஆலயத்துக்கு வருகிறவன் அல்லன். ஆனாலும், சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதைப் பற்றி யாக்கோபு எழுதியதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சள் ஆட்டோதான் கண்முன் வருகிறது. உங்கள் ஜெபக்குழுவில் பத்துப் பேர் இருந்தால், அவர்களில் இருவராவது வண்டி வைத்திருப்பார்கள்.

நான் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அந்த மருத்துவமனைக்குப் போகிறேன். வேப்பமரத்தடி பெஞ்சில் புதிதாக வந்திருக்கும் ஒரு தாயோடு உட்கார்ந்துகொள்கிறேன். உள்ளே படுத்திருப்பவன் அவருடைய ஒரே மகன்; கல்லூரி முடித்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. யாரோ அவரிடம் வந்து பாவத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது; நான் வேதாகமத்தைப் பையிலிருந்து எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆகவே நான் அதை எடுப்பதில்லை. அவரோடு கீரை விலையைப் பற்றியும் மகனுடைய சின்ன வயதுக் குறும்புகளைப் பற்றியும் பேசுகிறேன். போன வாரம் அவராகவே, உங்க வீட்டுக்காரர் எப்படி இதைத் தாங்கினார் என்று கேட்டார். பெரிய வெள்ளிக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் செவிலியர் கூப்பிட்டுவிட்டார். மீதியை இந்த வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும்.

உங்களில் யாராவது அங்கே வர விரும்பினால் வாருங்கள். முதல் ஷிப்டுக்குக் காலை ஏழு மணிக்கு ஊசி குத்துவார்கள். பதினொரு மணிவரை வெளியே காத்திருப்பவர்களுக்கு வேறு வேலை கிடையாது. பெஞ்சில் இடம் இருக்கும். வரும்போது இளநீர் மட்டும் வாங்கி வரவேண்டாம்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபைகளில் ஒன்றின் பின்வரிசையில் உட்காரும் சகோதரி